வரைவதற்கு முன்னால் அளக்கப் பழகட்டும்: கட்டட வரைபடம் படிக்க விரும்பும் ஒரு மாணவியின் தாய்க்கு

குலசேகரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் பத்தாம் வகுப்பில் தேறியிருக்கிறாள். கணக்கு நன்றாக வரும். வீட்டு வரைபடம் போடும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். பாலிடெக்னிக்கில் சேர்க்கலாமா, பிளஸ் டூ முடித்த பிறகு பி.இ. சேர்க்கலாமா? ஐ.டி.ஐ. போதும் என்கிறார் அவளுடைய மாமா. சிவில் படித்தால் சர்வேயும் படிக்க வேண்டுமாம். வெயிலில் சங்கிலி பிடித்து அலைவது பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா என்று பயமாக இருக்கிறது."

அம்மா, என் பதில் இதுதான். பாலிடெக்னிக்கில் சிவில் சேருங்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன். ஆனால் அதைவிட முக்கியமானது உங்கள் கடைசி வரியில் இருக்கும் பயம். சர்வேயை ஏதோ வேண்டாத சுமைபோல எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் உங்கள் மகள் நல்ல வரைபடக்காரியாக வேண்டுமானால் முதலில் கற்க வேண்டியதே அதுதான். நான் டிப்ளமோ சிவில் படித்து, வளைகுடாவில் ஒன்பது ஆண்டுகள் சர்வேயராக இருந்தவன். இப்போது தக்கலையில் வீட்டு வரைபடமும் நில அளவையும் செய்துவருகிறேன். இதை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு தவறு.

படிப்பு முடித்த புதிதில் திருவட்டாறு பக்கம் ஒருவர் வீடு கட்ட வரைபடம் கேட்டு வந்தார். பத்திரத்தில் நான்கு பக்க நீளமும் இருந்தன. எதிரெதிர்ப் பக்கங்கள் ஏறக்குறைய சமமாக இருந்ததால் மனையைச் செவ்வகம் என்றே நினைத்துவிட்டேன். இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. மேசையிலேயே உட்கார்ந்து படம் போட்டுக் கொடுத்துவிட்டேன். மேஸ்திரி கயிறு கட்டித் தூண்குழி எடுத்தபோது முன்பக்கத் தூண் பக்கத்து வீட்டுக்காரரின் எல்லைச் சுவரான கய்யாலைக்குள் ஒன்றரை அடி போய் நின்றது. மனை சதுரமாக நிற்கவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குழியை மூடினார்கள். நான் படத்தை மறுபடியும் போட்டுக் கொடுத்தேன், வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். ஆனாலும் அந்த மனிதர் வெளிநாட்டில் சம்பாதித்துச் சேர்த்த பணத்தில் மூன்று நாள் கூலி என் மேசையால் வீணானது. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

எங்கே தவறினேன் என்பதை உங்கள் மகளே இன்று மாலை கண்டுபிடித்துவிடலாம். விளக்குமாற்றிலிருந்து நான்கு ஈர்க்குகளை எடுத்து, முனைகளை நூலால் கட்டி ஒரு செவ்வகம் செய்யச் சொல்லுங்கள். ஒரு மூலையை விரலால் மெல்லத் தள்ளினால் செவ்வகம் சாயும். நான்கு பக்கத்தின் நீளமும் மாறவில்லை, உருவமும் பரப்பும் மாறிவிட்டன. இப்போது ஐந்தாவது ஈர்க்கு ஒன்றை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு வைத்துக் கட்டட்டும். பிறகு எவ்வளவு தள்ளினாலும் அசையாது. நான்கு பக்கம் தெரிந்தால் மனை தெரிந்ததாகாது. ஒரு மூலைவிட்டமும் வேண்டும். மூலைவிட்டம் போட்டால் இரண்டு முக்கோணம் கிடைக்கும். நில அளவை முழுவதும் இந்த முக்கோணத்தின்மேல்தான் நிற்கிறது.

தாலுகா அலுவலகத்தில் வாங்கும் புலப்படத்தை, எல்லோரும் சொல்லும் எஃப்.எம்.பி.யை, அவளிடம் காட்டுங்கள். இப்போது இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். எல்லைக்கோடுகளுக்கு உள்ளே புலத்தின் குறுக்கே சில கோடுகள் ஓடும். அவற்றை ஜி லைன் என்பார்கள். அவைதான் அந்த ஐந்தாவது ஈர்க்கு. வளைந்து போகும் எல்லையை அந்தக் கோட்டிலிருந்து இடமும் வலமும் செங்குத்தாக எத்தனை மீட்டர் என்று குறித்திருப்பார்கள். அதற்குப் பெயர் ஆஃப்செட். எல்லைக்கல் காணாமல் போனாலும் பரவாயில்லை. கோட்டின் இரு முனையும் கிடைத்தால், அதன் வழியே டேப்பை ஓட்டி, ஆஃப்செட் தூரம் அளந்து, கல் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இதைப் படிக்கத் தெரியாமல் வீட்டு வரைபடம் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

நாம் இருக்கும் மாவட்டத்துக்கு இந்த முக்கோணத்தோடு பழைய உறவு உண்டு. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். குமரிமுனைப் பக்கத்திலிருந்து இமயமலை அடிவாரம்வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளத்துக்கு முக்கோணத்தோடு முக்கோணம் கோத்துக்கொண்டே போனது அந்த வேலை. இன்று கிண்டியில் இருக்கும் பொறியியல் கல்லூரியும் 1794-இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. பொறியியல் அங்கே பிறகுதான் வந்தது. முதலில் அளக்கப் பழகு, பிறகு கட்டலாம் என்ற வரிசை அப்போதே இருந்திருக்கிறது.

இனி படிப்பு விஷயம். மூன்று வழிகளும் நல்ல வழிகள்தாம். உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி.

ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் இரண்டு ஆண்டுப் பயிற்சி. சர்வேயர் என்று தனிப் பயிற்சியும் உண்டு. இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அவளுடைய மாமா சொல்வதில் நியாயம் உண்டு. வீட்டில் சீக்கிரம் சம்பாத்தியம் தேவைப்பட்டால் இது தவறான வழியே இல்லை. கை பழகும், செலவு குறைவு, பிறகு டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. ஆனால் கட்டுமானத்தின் கணக்கு, அதாவது ஒரு பீம் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த மண்ணில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதெல்லாம், அங்கே ஆழமாக வராது. கணக்கு நன்றாக வரும் பெண் என்று நீங்களே எழுதியிருப்பதால் அந்தக் கணக்கை அவளுக்கு மறுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சிவில் மூன்று ஆண்டு. கோணத்திலேயே அரசு பாலிடெக்னிக் கல்லூரி இருக்கிறது. பொறியியல் வரைபடம், சர்வே, கட்டுமானப் பொருள்கள், கட்டமைப்புக் கணக்கு, நீரியல், எஸ்டிமேட், கணினி வரைபடம் எல்லாம் இதில் வரும். நான் பாலிடெக்னிக் என்று சொல்வதற்கு முதல் காரணம், பதினைந்து பதினாறு வயதிலேயே கருவி கைக்கு வந்துவிடும். இரண்டாவது காரணம், கதவு எதுவும் மூடுவதில்லை. டிப்ளமோ முடித்ததும் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஆறே ஆண்டில் டிப்ளமோவும் பட்டமும் இரண்டும் கையில் இருக்கும். பிளஸ் டூ வழியாகப் போனாலும் அதே ஆறு ஆண்டுதான். ஆனால் அங்கே நடுவில் நிற்க நேர்ந்தால் கையில் தொழில் இருக்காது.

பிளஸ் டூ வழியையும் தள்ளிவிடாதீர்கள். அவள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வருபவளாக இருந்து, பன்னிரண்டு வரையும் அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்தால், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்றும் கோணத்தில் இருக்கிறது. அவளுக்குக் கட்டடக் கலைதான் கனவு என்றால், அதாவது ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்றால், பிளஸ் டூ வழிதான் வழக்கமான வழி. அது ஐந்து ஆண்டு பி.ஆர்க். படிப்பு, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு, படித்துப் பதிவு செய்தவர் மட்டுமே 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். "வீட்டுப் படம் போடுவேன்" என்று அவள் சொல்லும்போது மனத்தில் இருப்பது எது என்று ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வீட்டின் அழகும் வடிவமும்தான் என்றால் ஆர்க்கிடெக்ட். அது எப்படி நிற்கிறது, எவ்வளவு செலவாகும், எங்கே நிற்கிறது என்பதெல்லாம் என்றால் சிவில்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் மிகக் குறைவு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கும் இது உண்டு. 2024 இறுதியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் மிகுதி என்பதால் இதைக் கட்டாயம் கேட்டு விண்ணப்பியுங்கள்.

சர்வே வகுப்பில் என்னதான் நடக்கும் என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறைந்துவிடும். அதனால் என் முதல் லெவல் வகுப்பைச் சொல்கிறேன்.

காலை ஏழரை மணி, கல்லூரி மைதானம். ஐந்து பேருக்கு ஒரு டம்பி லெவல், அதாவது இடத்துக்கு இடம் உள்ள உயர வித்தியாசத்தை அளக்கும் தொலைநோக்கிக் கருவி. முக்காலியை ஊன்றி, மேலே கருவியைத் திருகி வைத்து, மூன்று அடித்திருகுகளையும் பெருவிரலால் உள்ளும் வெளியுமாகத் திருப்பிக் குமிழியை நடுவில் நிறுத்த வேண்டும். அதற்கே எனக்கு இருபது நிமிடம் ஆனது. ஒருவன் உயரத்துக்கு அடிப்படையாக வைக்கும் பெஞ்ச் மார்க் கல்லின்மேல் ஸ்டாஃபை, அதாவது அளவு குறித்த நீளக் கோலை, நிமிர்த்திப் பிடித்தான். அந்தக் கல்லின் உயரம் 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். தொலைநோக்கியில் பார்த்தால் ஸ்டாஃபில் 1.455. ஆக, கருவியின் பார்வைக்கோடு 101.455 உயரத்தில் இருக்கிறது. அடுத்த இடத்தில் ஸ்டாஃப் 2.380 காட்டியது. கழித்தால் அந்த இடம் 99.075. கருவியை அதற்கு அப்பால் தூக்கி வைத்து, அதே இடத்தைத் திரும்பிப் பார்த்தோம்: 0.865. பார்வைக்கோடு இப்போது 99.940. கடைசிப் புள்ளியில் 1.720 வந்தது. கழித்தால் 98.220.

பிறகு ஆசிரியர் சொன்னார், "பின்னால் பார்த்ததைத் தனியாகக் கூட்டு, முன்னால் பார்த்ததைத் தனியாகக் கூட்டு." 1.455-உம் 0.865-உம் சேர்ந்து 2.320. 2.380-உம் 1.720-உம் சேர்ந்து 4.100. வித்தியாசம் 1.780. முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதே 1.780. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை என்று அந்தத் தாளே சொல்கிறது. அன்றுதான் எனக்கு இந்தப் படிப்பின்மேல் ஆசை வந்தது. நான் சரியாகச் செய்தேனா என்று பிறர் சொல்லக் காத்திருக்க வேண்டாம், கணக்கே சொல்லிவிடும். கணக்கு பிடித்த பெண்ணுக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்டாஃபில் தவறாகப் படித்திருந்தால் இந்தச் சோதனை காட்டாது. அதற்குத்தான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து முடிக்கச் சொல்வார்கள். 100.000-இல் தொடங்கியது சில மில்லிமீட்டருக்குள் 100.000-இலேயே முடிய வேண்டும். முடியாவிட்டால் மறுபடியும் நடை. சலித்துக்கொண்டு எண்ணைத் திருத்தி எழுதும் பழக்கம் மட்டும் முதல் ஆண்டிலேயே வரக் கூடாது. ஃபீல்டு புத்தகத்தில் தவறான எண்ணை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போட்டு மேலே சரியானதை எழுத வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் வற்புறுத்துவார். என் அலுவலகத்தில் நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

இந்த மில்லிமீட்டர் எதற்கு உதவும் என்று கேட்டால், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அவளை அழைத்துப் போங்கள். 1966-இல் கட்டியது. பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் மேலே, 28 தூண்களில், உயரமான இடத்தில் 115 அடி மேலே கால்வாய்த் தண்ணீர் ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குப் போகிறது. பம்பு இல்லை, மோட்டார் இல்லை. தொட்டியின் தளம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு சரிவில் இறங்கிக்கொண்டே போவதால் தண்ணீர் தானாகப் போகிறது. எல்லோரும் மேலே நின்று கீழே பார்ப்பார்கள். அவளைத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சரிவு தலைகீழாகப் போயிருந்தால் இத்தனை தூணும் வீண். தூணுக்குக் கல் வருவதற்கு முன்னால் ஒருவர் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் லெவல் எடுத்திருக்கிறார். 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையிலிருந்து கிளம்பும் கால்வாய்களும் அப்படித்தான், மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து, உயரத்தை வீணாக்காமல் போகின்றன.

நம் மாவட்டத்தில் அளக்கத் தெரிந்தவருக்கு எப்போதும் வேலை இருப்பதற்குக் காரணம் இந்த மண்தான். அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் வயலும் சமவெளியும் உண்டு. கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர் போனால் சமமான ஐந்து சென்ட் கிடைப்பது கடினம். சாலையிலிருந்து மனை எட்டடி கீழே இருக்கும், அல்லது கய்யாலைக்கு மேலே தட்டுத் தட்டாக ஏறும். எந்தத் தட்டில் வீடு, எங்கே மண் வெட்டி எங்கே நிரப்புவது, ஆடி மழைத் தண்ணீரும் ஐப்பசி மழைத் தண்ணீரும் எந்தப் பக்கம் வடியும் என்று தெரியாமல் போட்ட படம் காகிதத்தில் மட்டும்தான் அழகாக இருக்கும். இரண்டு பருவமழையும் பெறும் ஊரில் லெவல் எடுக்காமல் வீடு கட்டினால் முதல் மழையிலேயே முற்றம் குளமாகிவிடும்.

இன்னொன்று, நம் ஆவணங்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தவர்கள். பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. நில உரிமையாளரின் வருவாய்க் கணக்கைக் குறிக்கும் தண்டப்பேர் என்ற சொல்லை மற்ற மாவட்டத்துக்காரர்களிடம் சொன்னால் விழிப்பார்கள். ஒரே நிலத்துக்குப் பழைய சர்வே எண் ஒன்று, ரீ-சர்வே எண் ஒன்று. பத்திரம் சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏர் கணக்கில் பேசும். பட்டாவில் 0-04.50 என்று இருந்தால் நாலரை ஏர், அதாவது 450 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஆக 11.12 சென்ட். இந்தக் கணக்கு தெரியாமல் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன வீடுகளை நான் அறிவேன். ஆகவே ஒரு வேண்டுகோள்: உங்கள் மகள் மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்கவாவது கற்றுக்கொள்ளட்டும். வீட்டில் தாத்தா பாட்டிக்குத் தெரிந்திருந்தால் இந்த விடுமுறையே போதும். மூன்று ஆண்டுப் படிப்பில் யாரும் சொல்லித்தராத, ஆனால் இந்த மாவட்டத்தில் சோறு போடும் திறமை அது.

ஆசாரிமாரின் கோல் கணக்கையும் அவள் அவமதிக்கக் கூடாது. மேற்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் இன்றும் கேட்பார்கள். 24 விரல் ஒரு கோல், நம் கணக்கில் 72 சென்டிமீட்டர். ஓர் அறை 3.60 மீட்டர் என்று நாம் படம் போட்டால் ஆசாரி "ஐந்து கோல்" என்று சொல்லிவிடுவார். பத்மநாபபுரம் அரண்மனையின் மர வேலையை நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கின் நேர்த்தி தெரியும். வேலை நடக்கும் இடத்தில் தூக்குக்குண்டும் மூலைமட்டமும் ரசமட்டமும் பிடிக்கிற கைகளிடம் பேசத் தெரிய வேண்டும். அவர்கள் மொழியில் படத்தைச் சொல்லத் தெரிந்தவரின் படம்தான் சுவராக மாறும்போது பிசகாமல் நிற்கும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். சங்கிலி பிடித்து அலையும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கல்லூரியில் சங்கிலியும் டேப்பும் கற்றுத்தருவார்கள், கற்கத்தான் வேண்டும். வேலையில் டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவிதான். ஒரே இடத்தில் நின்று தூரமும் கோணமும் அளந்து தானே பதிவு செய்துகொள்ளும். எடை ஐந்து ஆறு கிலோ. செயற்கைக்கோள் சைகையை வாங்கி இடத்தைச் சொல்லும் கருவிகளும் பரவலாக வந்துவிட்டன. அரசு நில அளவைத் துறையில் பெண்கள் பணியாற்றுகிறார்கள். ஆனாலும் கஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வெயில் உண்டு, ரப்பர் தோட்டத்தில் அட்டை உண்டு, பாதி நாள் கழிப்பறை இல்லாத இடத்தில் நிற்க நேரும். எல்லைத் தகராறில் இரண்டு பக்கத்தாரும் சத்தம் போடும்போது நடுவில் நிதானமாக நிற்க வேண்டும். இதில் கடைசியாகச் சொன்னதுதான் கடினம், அது ஆணுக்கும் அதே கடினம்தான். தனியாகப் போகாமல் துணைக்கு ஆளோடு போவது இந்தத் தொழிலில் எல்லோருக்குமே வழக்கம், ஏனென்றால் ஸ்டாஃபோ, டோட்டல் ஸ்டேஷனின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசமோ பிடிக்க இன்னொருவர் வேண்டும். வெளி வேலை சில ஆண்டு செய்துவிட்டுப் பிறகு அலுவலகத்தில் வரைபடத்துக்கு மாறிக்கொள்ளலாம். வெளியே போகாமலே தொடங்கினால் என்னைப்போல் ஒன்றரை அடி தவறும்.

வேலை வாய்ப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022-இல் டி.என்.பி.எஸ்.சி. நில அளவர், வரைவாளர் பதவிகளுக்கு 1,089 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. அதற்கு டிப்ளமோ சிவிலும் பொருந்தும், ஐ.டி.ஐ. சர்வேயர், டிராஃப்ட்ஸ்மேன் பயிற்சியும் பொருந்தும். நெடுஞ்சாலை, பொதுப்பணித் துறைகளில் இளநிலை வரைதொழில் அலுவலர் பதவிக்கு டிப்ளமோ சிவில் கேட்பார்கள். மத்திய அரசில் ஜூனியர் இன்ஜினியர் தேர்வுகள் உண்டு. டிப்ளமோ படித்தவர்கள் பயிற்சி பெற்று உரிமம் பெற்ற நில அளவராகவும் ஆகலாம். வளைகுடாவில் சர்வேயர், டிராஃப்ட்ஸ்மேன், அளவு கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயர் ஆகியோருக்கு நம் பக்கத்திலிருந்து ஆள் போகாத ஆண்டே இல்லை. சான்றிதழ்களை மடிக்காமல் கிழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழைச் சரிபார்த்து முத்திரையிடும் அட்டெஸ்டேஷனுக்கு அசல்தான் வேண்டும்.

ஊரிலேயே இருந்தாலும் வேலை இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிவரை உள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட உரிமையாளரே சுயசான்று அளித்து இணையத்தில் உடனடி அனுமதி பெறலாம். இதில் ஒரு பொறுப்பு மறைந்திருக்கிறது. முன்பு படத்தில் பிழை இருந்தால் பார்க்கும் அதிகாரி பிடித்துவிடக்கூடும். இப்போது படமும் மனையும் பொருந்தாவிட்டால் அது நேரே சான்றளித்த வீட்டுக்காரர் தலையில் விழும். அளந்து படம் போடுகிறவருக்கும் பார்க்காமல் படம் போடுகிறவருக்கும் உள்ள வேறுபாடு இனிமேல் அவருக்குப் பணமாகத் தெரியும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். தனியார் பாலிடெக்னிக் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரத்தையும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணைப்பையும் முதலில் பாருங்கள். பிறகு சர்வே ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கருவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முக்காலியின் கால் நுனியில் மண் ஒட்டியிருந்தால், பெட்டியின் கைப்பிடி தேய்ந்திருந்தால், அங்கே பிள்ளைகள் அதைத் தொட்டுப் படிக்கிறார்கள். புத்தம் புதிதாகப் பளபளத்தால் யோசியுங்கள். ஒரு குழுவுக்கு எத்தனை பேர், சர்வே முகாம் எத்தனை நாள், எங்கே என்று கேளுங்கள். குலசேகரத்திலிருந்து கோணம் தினமும் போய்வர நேரம் பிடிக்கும். விடுதி உண்டா என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டுவிடுங்கள்.

சேர்ந்த உடனே நகரத்தில் கணினி வரைபடப் பயிற்சி என்று ஆயிரக்கணக்கில் கட்டாதீர்கள். ஆட்டோகேட் பாடத்திலேயே வரும். முதல் ஆண்டு முழுவதும் டி-ஸ்கொயரும் பென்சிலும் போதும். கையால் 1:100 அளவில் வரைந்து பழகியவளுக்கு ஒரு கதவு எவ்வளவு அகலம், ஒரு படி எவ்வளவு உயரம் என்று விரலில் நிற்கும். கூடுதல் மென்பொருள் தேவையென்றால் மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். 30 மீட்டர் டேப் ஒன்றை மேஸ்திரி யாரிடமாவது இரவல் வாங்கி, உங்கள் வீட்டு மனையின் நான்கு பக்கத்தையும் ஒரு மூலைவிட்டத்தையும் அளக்கட்டும். டேப்பைத் தரைச்சரிவோடு படுக்க வைக்காமல் கிடைமட்டமாக இழுத்துப் பிடிக்க வேண்டும், தாழ்ந்த பக்கத்தில் நீங்கள் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கத்துக்கு மேல் இருந்தால் இன்னொரு கோடு போட்டு எல்லாவற்றையும் முக்கோணமாக்கிக்கொள்ளட்டும். ஒன்பதாம் வகுப்பில் படித்த ஹெரான் சூத்திரத்தால் ஒவ்வொரு முக்கோணத்தின் பரப்பையும் கண்டு, கூட்டி, 40.47-ஆல் வகுத்து, பட்டாவோடு ஒப்பிடட்டும். வந்த எண்களை அப்படியே, எதையும் திருத்தாமல், எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பட்டாவோடு ஒத்துவராவிட்டால் எந்தக் கோட்டை மறுபடி அளக்க வேண்டும் என்று சொல்கிறேன்.